சொந்தக் கருத்தை எழுதப் பழக்குவோம்

தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று வெளியேறும் மாணவன் ஒருவனை அழைத்து, "இது பற்றி நீ நினைப்பது என்ன? அதற்குக் காரணம் என்ன? ஒரு பத்தியில் எழுதிக் கொடு" என்று கேட்டால் அவனால் எழுத இயலுமா? இந்தக் கேள்வியைப் பெற்றோர், மாணவச் செல்வங்கள், தோட்டத்தில் உழைத்து வரும் அன்பர்கள் ஆகிய அனைவர் முன்னும் இவ்வாண்டு மலர் வாயிலாக வைக்க விழைகின்றேன். நெடிய கட்டுரையைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே ஒரு பத்தி, எட்டு அல்லது பத்து வாக்கியங்கள், அவ்வளவே.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களின் கட்டுரை ஏடுகள் பல ஆண்டுகளாக என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. ஒற்றுப்பிழைகளும் முன்னைவிடக் குறைந்துள்ளன. ஆயினும், ஏட்டின் மேலட்டையிலுள்ள பெயரை மறைத்துவிட்டால் எந்தக் கட்டுரையை எந்தப் பிள்ளை எழுதிற்று என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. எல்லாக் கட்டுரைகளும் "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்குகின்றன; "என்பது வெள்ளிடை மலை" என்று முடிகின்றன. இடையிலே "மேலும்", "அதுமட்டுமின்றி", "இதனைத் தவிர்த்து" என்று படிக்கட்டுகள் அமைந்திருக்கின்றன. "மேலும்" என்னும் சொல் பக்கத்திற்குப் பக்கம் கிடைக்கிறது. "ஏனெனில்" என்னும் சொல்லையோ ஏட்டைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியிருக்கிறது.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் தகாது. "மேலும்" என்று எழுதுவதற்குச் சிந்தனை வேண்டியதில்லை. ஒரு செங்கல்லின்மேல் மற்றொரு செங்கல்லை வைப்பது போன்றது அது. "ஏனெனில்" என்று எழுதியவுடன் பிள்ளை நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் காரணம் ஒன்று வந்தே தீர வேண்டும். அக்காரணமும் மாதிரிக் கட்டுரை நூலில் இராது. தன் உள்ளத்திலிருந்தே வர வேண்டும். எழுத்துப் பயிற்சி தொடங்கும் இடம் அந்தத் தயக்கமே என்பது என் துணிபு.

இந்நிலை எவ்வாறு வந்தது? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டு தொடங்கி முப்பதாண்டுகளுக்கு மேல் நம் தொடக்கப் பள்ளிகளை ஆண்டது. அத்தேர்வில் கட்டுரைக்குத் தனி இடம் இருந்தது. ஆகவே ஆசிரியர்கள் மாதிரிக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்தனர். பிள்ளைகள் மனனம் செய்தனர். நல்ல தேர்ச்சியும் பெற்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், "ஐயா, இருபது கட்டுரை கொடுத்துவிடுங்கள், பையன் நெட்டுருப் போட்டுவிடுவான்" என்று தந்தையர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மரம் சீவிவிட்டு வந்து, கையில் பால் வாடை போகுமுன்னே கூட்டத்திற்கு வந்து அமர்ந்த தந்தைக்குத் தன் மகன் தேற வேண்டும் என்பதைத் தவிர வேறு கவலை என்ன இருக்க முடியும்? அத்தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, நெட்டுருப் பழக்கமோ போகவில்லை. மாதிரிக் கட்டுரைகள் இன்று கைப்பேசி வழியே வந்து சேர்கின்றன. வேறுபாடு அவ்வளவுதான்.

மனனம் செய்தலை நான் வெறுப்பவன் அல்லன். திருக்குறளையும் ஆத்திசூடியையும் வாய்பாட்டையும் மனனம் செய்யாத பிள்ளை பின்னாளில் வருந்தும். ஆனால் பிறருடைய கருத்தை மனனம் செய்து தன் கருத்தென்று ஏட்டில் எழுதுவது கல்வியாகாது. இரவல் நகையை அணிந்துகொண்டு திருமணத்திற்குப் போவதைப் போன்றது அது. வீடு திரும்பியதும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

கருத்தெழுதுதல் என்பது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவாரும் உளர். நம் இலக்கண நூலாரைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் எழுவகை மதம் கூறப்பட்டுள்ளது. ஈண்டு மதம் என்பது சமயம் அன்று. கொள்கை, கருத்து என்பதே பொருள். பிறர் கருத்துக்கு உடன்படலாம். அதனை மறுக்கலாம். முதலில் அதனை ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம். தானே ஒன்றை நாட்டித் தானே அதனை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருவர் பக்கம் துணியலாம். பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். கருத்துரைப்பதற்கு இத்தனை வாயில்களைத் திறந்து வைத்த மொழி நம் மொழி. இவ்வேழனுள் நம் பிள்ளைகளுக்கு நாம் பெரும்பாலும் கற்றுக் கொடுப்பது முதலாவதாகிய உடன்படுதலை மட்டுமே. "நூல் வாசிப்பதன் நன்மைகள்", "மரம் நடுவதன் பயன்கள்", "சுத்தத்தின் சிறப்பு" என்றே தலைப்பிடுகிறோம். தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்ட பிறகு பிள்ளை எதனைச் சிந்திக்கும்?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அதே பாயிரம் கூறுகிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவை அவற்றுட் சில. எடுத்துக்கொண்டதை விட்டு வேறொன்றைப் பேசுவதும், முழக்கத்தோடு தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவதும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே குற்றமெனக் கண்டறியப்பட்டவை. ஐந்தாம் ஆண்டு ஏடுகளைத் திருத்தும்போது, முனிவர் நம் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பத்தி என்றால் என்ன என்று கேட்டால், "ஒரு விரற்கிடை உள்தள்ளி எழுதுவது" என்று மாணவர் விடையளிப்பர். அது பத்தியின் தோற்றம் மட்டுமே. பத்தி என்னும் சொல்லுக்கு வரிசை என்பதும் ஒரு பொருள். அதனோடு பாத்தி என்னும் சொல்லையும் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் பாட்டிமார் கீரைப் பாத்தி போடுவதை நம் பிள்ளைகள் அறிவர். ஒரு பாத்தியில் முளைக்கீரை என்றால் முளைக்கீரைதான். அதற்குள் வெண்டையை ஊன்றினால் இரண்டும் கெடும். பத்தியும் அவ்வாறே. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. முதல் வாக்கியத்தில் அக்கருத்தைச் சொல்ல வேண்டும். அடுத்துக் காரணம் வர வேண்டும். அக்காரணம் உண்மை என்று காட்டத் தான் கண்டதோ கேட்டதோ ஒன்று வர வேண்டும். பிறகு, எதிர்ப்பக்கத்தார் என்ன சொல்லக்கூடும் என்று ஒரு வாக்கியமேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவு வந்துவிட்டால் பத்தி நிறைந்துவிடும். அதன்பின் "ஆகவே" என்று தொடங்கிச் சொன்னதையே திரும்பச் சொல்லும் வாக்கியம் தேவையே இல்லை. இதில் சில ஆசிரிய நண்பர்கள் என்னோடு மாறுபடுவர், மாறுபடட்டும்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றை விரிவாகவே கூற விரும்புகிறேன். அவ்வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். கெடா மாநிலத்தில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டங்கள் பல. வீடமைப்புப் பகுதிகளாக மாறிய தோட்டங்களும் உண்டு. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர, தோட்டத்துப் பள்ளிகள் சிலவும் அவர்களைப் பின்தொடர்ந்து இடம் மாறியுள்ளன. ஆகவே, "தோட்டத்துப் பள்ளி நகரத்திற்கு இடம் மாற வேண்டுமா?" என்று வகுப்பில் கேட்டேன். முதலில் எழுதச் சொன்னேன். ஒன்பது பேரும் "பள்ளி நமக்கு இரண்டாவது வீடு" என்று தொடங்கிக் கல்வியின் சிறப்பை எழுதினர். மாற வேண்டுமா வேண்டாமா என்று எவரும் சொல்லவில்லை. ஏடுகளை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, "சரி, இப்போது வாயால் சொல்லுங்கள்" என்றேன்.

வகுப்பு மாறிவிட்டது. ஒரு மாணவன் எழுந்து, "மாறக் கூடாதுங்க ஐயா, அப்புறம் பாட்டி எப்படி எனக்குச் சோறு கொண்டாருவாங்க?" என்றான். மற்றொருவன், "பஸ்ஸுக்கு மாசாமாசம் காசு கொடுக்கணும், எங்க வீட்ல மூணு பேரு" என்றான். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, எப்போதும் வாய் திறவாதவள், "மாறினாத்தான் நல்லது. நாங்க ஒன்பது பேருதான் இருக்கோம். வலைப்பந்துக்கு ஒரு குழுகூடச் சேர மாட்டேங்குது" என்றாள். பேச்சில் இத்தனைக் காரணங்கள் இருக்கின்றன. ஏட்டில் ஒன்றுகூட இல்லை! பிள்ளைகளிடம் கருத்து இல்லாமல் இல்லை. கட்டுரை என்றால் தன் வீட்டுச் சோற்றையும் பேருந்துக் கட்டணத்தையும் எழுதக் கூடாது, "உயர்ந்த" செய்திகளையே எழுத வேண்டும் என்று எவரோ அவர்களை நம்பச் செய்திருக்கின்றனர். அவ்வாறு நம்பச் செய்தவர்கள் பெரியவர்களாகிய நாமே அன்றி வேறு யார்?

பேசியதை நல்ல தமிழில் மாற்றி எழுதச் சொன்னோம். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது தனிப் பயிற்சி. அதற்கே மூன்று பாடவேளைகள் சென்றன. அந்த மாணவி இறுதியில் எழுதிய பத்தி இது:

"எங்கள் பள்ளி நகரத்திற்கு இடம் மாறுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில், எங்கள் வகுப்பில் ஒன்பது மாணவர்கள் மட்டுமே இருக்கிறோம். நாங்கள் வலைப்பந்து விளையாட விரும்பினாலும் பெண்கள் நால்வர்தான் இருப்பதால் ஒரு குழு சேர்வதில்லை. என் அத்தை மகள் நகரத்துப் பள்ளியில் படிக்கிறாள். அவள் குழுப் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். பள்ளி மாறினால் பேருந்துக் கட்டணம் கூடும் என்று என் நண்பன் சொல்கிறான். அது உண்மைதான். அதனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் இருந்தால் பள்ளி மாறலாம்."

இப்பத்தியில் திருக்குறள் இல்லை, மரபுத்தொடர் இல்லை, வெள்ளிடை மலையும் இல்லை. ஆயினும் கருத்து உண்டு, காரணம் உண்டு, கண்கூடான சான்று உண்டு. நண்பன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, பிறகு அதற்கு ஒரு வழியும் கூறியிருக்கிறாள். இவ்வளவும் அமைந்த பத்தியைப் பெரியவர்கள் எழுதும் மனுக்களிலும் நான் எப்போதும் காண்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் சொந்தக் கருத்து அவளுடைய கருத்துக்கு மாறானது. தோட்டத்தில் ஒரு குடும்பம் எஞ்சியிருக்கும் வரையில் பள்ளி அங்கேயே இருக்க வேண்டும் என்று எண்ணுபவன் நான். எனினும் அந்தப் பத்திக்கே வகுப்பில் மிக உயர்ந்த புள்ளி கிடைத்தது.

நம் நகரிலுள்ள சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழக வளாகத்தில் பயிலும் இளம் ஆசிரியர்கள் எழுப்பக்கூடிய ஐயமும் இங்கேதான் இருக்கிறது. கருத்துக்கு எவ்வாறு புள்ளியிடுவது? கருத்துக்குப் புள்ளி இடாதீர்கள். அக்கருத்தைத் தாங்கி நிற்கும் காரணத்திற்கு இடுங்கள் என்பேன். ஆசிரியர் விரும்பும் கருத்துக்கே புள்ளி கிடைக்கும் என்று ஒரு முறை பிள்ளை உணர்ந்துவிட்டால், அன்றோடு அது தன் கருத்தை எழுதுவதை நிறுத்திவிடும். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும். பிறகு எத்தனைப் பயிற்சி கொடுத்தாலும் மீட்பது அரிது. எழுத்துப்பிழையை அப்படி அன்று, நாளையும் திருத்தலாம்.

தோட்டத்து அன்பர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. நம் மக்களுக்குக் கருத்து இல்லாத காலம் எதுவும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரைத் தலைவராகக் கொண்டு தொண்டர் படை எழுந்தது. கள்ளினால் குடும்பங்கள் அழிகின்றன என்பதை உணர்ந்து, கள்ளுக் கடைகளுக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டனர். கெடாவின் தோட்டங்கள் பலவற்றில் அக்குரல் எதிரொலித்தது. இவ்வளவு துணிவுடைய மக்கள், ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமானால் என்ன செய்தனர்? கிராணியாரிடமோ தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ போய் நின்றனர். ஊருக்குக் கடிதம் எழுதவும் அவரே. நிருவாகத்திற்கு மனு எழுதவும் அவரே. எழுதுபவர் நல்லவராயின் சொன்னதை எழுதினார். அல்லாதவராயின் தமக்குத் தோன்றியதை எழுதினார். எழுதியது இன்னதென்று அறியாமலே பெருவிரலை மையில் தோய்த்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

இன்று கைநாட்டு இல்லை. ஆயினும், வீட்டுரிமை கேட்டு எழுத வேண்டியிருந்தாலும், நகராண்மைக் கழகத்திற்குச் சாலை விளக்கைப் பற்றி முறையிட வேண்டியிருந்தாலும், "யாராவது எழுதித் தாருங்கள்" என்று இன்னொருவரைத் தேடுகின்ற நிலை முற்றாக மாறிவிடவில்லை. பத்து வயதில் ஒரு பத்தியில் தன் கருத்தையும் காரணத்தையும் எழுதப் பழகிய பிள்ளைக்கு முப்பது வயதில் அந்நிலை வராது. மலாய் மொழியில் எழுத வேண்டியிருந்தாலும் என்ன? தாய்மொழியில் காரணம் காட்டப் பழகிய உள்ளம் எம்மொழியிலும் காரணம் காட்டும்.

படிப்போர் இருந்தால் பிள்ளைகள் எழுதுவார்கள் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. கோ. சாரங்கபாணி அவர்கள் 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ், 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை மாணவர்களுக்கென்றே ஒதுக்கியது. அப்பகுதியில் எழுதிப் பழகியோர் பலர் பின்னாளில் இந்நாட்டின் எழுத்தாளர்களாக மலர்ந்தனர். 1950ஆம் ஆண்டு தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் கதை வகுப்பு நடத்தி, எழுத விழைந்தோருக்கு எழுத்தின் நுட்பங்களைக் கற்பித்தனர். நாளிதழே வகுப்பறையான காலம் அது! 1924ஆம் ஆண்டு தோன்றிய அந்தத் தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. இன்று நம் பிள்ளை எழுதும் கட்டுரையைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் சிவப்பு மையோடு படிக்கிறார். ஒருவர் மட்டும், அதுவும் குற்றம் காண்பதற்காக மட்டும், படிக்கப் போகிற ஒன்றை யார்தான் ஆர்வத்தோடு எழுதுவர்?

தலைப்புகளை அருகிலிருந்தே எடுக்கலாம். நம் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பூஜாங் பள்ளத்தாக்கில், பழங்காலக் கோயில் எச்சம் ஒன்று 2013ஆம் ஆண்டு வீடமைப்பு நிலத்தில் இடிக்கப்பட்ட செய்தி நாட்டையே பேச வைத்தது. "பழங்காலச் சின்னம் இருக்கும் நிலத்தில் வீடு கட்டலாமா?" என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "வீடில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு பிள்ளையாவது திருப்பிக் கேட்கும். அங்கே உண்மையான கட்டுரை தொடங்கிவிடும்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். நல்ல பழக்கமே. ஆனால் பெரியவர்கள் பேசி முடித்த பின்னரும் பிள்ளைக்கு வாய்ப்பளிப்பதில்லையே! தைப்பூசத்திற்கு எங்கே போவது, பழைய மிதிவண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பன போன்ற சிறு செய்திகளில் பிள்ளையின் கருத்தையும் கேளுங்கள், கேட்டபின், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்றும் கேளுங்கள். அதன் சொற்படி நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருத்துச் சொல்லப் பழகினால் பிள்ளை எதிர்த்துப் பேசும் என்று அஞ்சுவோரும் உண்டு. "அப்பா சொல்வது சரிதான், ஆனாலும்" என்று தொடங்கக் கற்றுக் கொடுங்கள். நன்னூலார் கூறிய, ஏற்றுக்கொண்டு பின் களைதல் என்பது இதுவே. காரணம் சொல்லத் தெரியாத பிள்ளைதான் கதவைச் சாத்திவிட்டுப் போகிறது.

மாணவச் செல்வங்களே! அடுத்த ஆண்டு மலரில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கென்று நான்கு பக்கங்கள் ஒதுக்கப்படும். ஒருவருக்கு ஒரு பத்தி. "தோட்டத்துத் திடலை வாகனம் நிறுத்த விடலாமா?", "பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் இனிப்புப் பானம் விற்கலாமா?", "அண்ணனுக்குக் கைப்பேசி, எனக்கு ஏன் இல்லை?" ஆகிய மூன்றனுள் ஒன்றைப் பற்றியோ, நீங்களே தேர்ந்த வேறொன்றைப் பற்றியோ எழுதலாம். "ஏனெனில்" என்னும் சொல் ஓரிடத்திலேனும் வர வேண்டும். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் பத்திகள் திருப்பி அனுப்பப்படும். ஆசிரியர்கள் எழுத்துப்பிழைகளைத் திருத்துவார்கள். கருத்தைத் திருத்த மாட்டார்கள். தலைமையாசிரியரின் கருத்துக்கு மாறாக எழுதப்பட்டவையும் அச்சேறும். பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்திற்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டில் யாரேனும் எழுதிக் கொடுக்க முன்வந்தால், அவர்களுக்கும் ஒரு தாளைக் கொடுத்துத் தனியே எழுதச் சொல்லுங்கள், அதனையும் வாங்கிக்கொள்கிறோம்.

— தலைமையாசிரியர்